இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் கல்வி கற்ற விதம்

பரீட்சைக் காலம் நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் ஒரே முறையீடுதான். பிள்ளை மணிக்கணக்கில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், ஆனால் மனத்தில் ஒன்றும் தங்குவதில்லை என்று தாய்மார்கள் குறைப்படுகிறார்கள். மத்ரஸாவில் ஓதும் பிள்ளையானாலும் சரி, பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையானாலும் சரி, குறை ஒன்றுதான். ஞாபக சக்திக்கு ஓதக்கூடிய துஆ ஏதும் உண்டா என்று கேட்பவர்களும் உண்டு. துஆ அவசியம்தான், சந்தேகமில்லை. ஆனால் கல்விக்கென்று ஒரு முறையும் இருக்கிறது. அந்த முறையை ஏட்டில் எழுதியும் வைத்து, தம் வாழ்நாளில் நடந்தும் காட்டிய ஒரு பெரியாரின் சரிதையை இம்மாதம் எழுத நினைத்தோம்.

அன்னாரின் கிதாபு இல்லாத முஸ்லிம் வீடு நம்மிடையே குறைவு. ரியாளுஸ் ஸாலிஹீன் நம் பள்ளிவாசல்களில் வாசிக்கப்படுகிறது. நாற்பது ஹதீஸ் என்றாலே முதலில் நம் நினைவுக்கு வருவது அவர்கள் தொகுத்ததுதான். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நமது கடற்கரையூர்களின் ஆலிம்களுக்கு அவர்களுடைய மின்ஹாஜ் எவ்வளவு பெரிய ஆதாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இமாம் முஹ்யித்தீன் யஹ்யா இப்னு ஷரஃப் நவவீ (ரஹ்) அவர்களைத்தான் சொல்கிறோம். அவர்கள் எழுதியவற்றை அறிந்த அளவுக்கு, அவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதை நாம் அறியவில்லை. அதை நமக்குத் தெரியச் செய்தவர் அவர்களுடைய மாணவர் அலாவுத்தீன் இப்னுல் அத்தார் அவர்கள். உஸ்தாதின் வாயால் கேட்டவற்றையும் தாமே கண்டவற்றையும் அவர் ஒரு நூலாக எழுதி வைத்தார்.

ஷாம் நாட்டில், திமிஷ்க் நகருக்குத் தெற்கே, ஹவ்ரான் பகுதியில் நவா என்றொரு சிற்றூர். அங்கே ஹிஜ்ரி 631-ஆம் ஆண்டு முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 1233) இமாம் அவர்கள் பிறந்தார்கள். தந்தை ஷரஃப் அவர்கள் ஒரு சிறு கடை வைத்துப் பிழைத்து வந்தவர். ஹலாலான சம்பாத்தியத்தில் மிகுந்த பேணுதல் உள்ளவர்.

அவர்களுக்குப் பத்து வயதிருக்கும். ஊர்ப் பிள்ளைகள் விளையாட வரும்படி பிடித்து இழுக்கிறார்கள். இவர்களோ அழுதுகொண்டே ஓடுகிறார்கள். அந்த ஓட்டத்திலும் வாய் குர்ஆனை ஓதிக்கொண்டிருக்கிறது. அவ்வழியே வந்த ஷெய்கு யாஸீன் மராக்குஷீ அவர்கள் இதைக் கண்டார்கள். நேரே பிள்ளைக்கு ஓதிக்கொடுக்கும் உஸ்தாதிடம் போய், இச்சிறுவர் பிற்காலத்தில் பெரும் ஆலிமாக வருவார் என்று எதிர்பார்க்கலாம் என்றார்கள். நீர் என்ன ஜோசியரா என்று அந்த உஸ்தாத் கேட்டாராம். இல்லை, அல்லாஹ் என்னைப் பேச வைத்தான், பேசினேன் என்று ஷெய்கு அவர்கள் பதில் கூறினார்கள். செய்தி தந்தையின் காதுக்கு எட்டியது. அதன்பின் பருவ வயதை அடையும் தறுவாயில் மகன் குர்ஆனை முடிக்கும்வரை அவர் அதில் கண்ணும் கருத்துமாக இருந்தார்.

அதே தந்தைதான் மகனைக் கடையிலும் உட்கார வைத்தார். வியாபாரக் குடும்பங்களில் இது நடப்பதுதானே! பையனைக் கல்லாவில் பழக்கிவிட வேண்டும் என்ற ஆசை நமக்கும் இல்லாமலில்லை. ஆனால் கொள்வாரும் கொடுப்பாரும் வந்து போகும் இடத்திலும் இந்தப் பையனின் கவனம் குர்ஆனை விட்டு அகலவில்லை. இதைக் கண்ட தந்தை என்ன செய்தார் என்பதுதான் முக்கியம். கடைக்கு ஆள் வேண்டுமே என்று பிடித்து வைத்துக்கொள்ளவில்லை. ஹிஜ்ரி 649-இல் (கி.பி. 1251) தாமே மகனை அழைத்துக்கொண்டு திமிஷ்க் நகருக்குப் புறப்பட்டார். நாம் இமாம் அவர்களைப் புகழும்போது, பெயர் அதிகம் பேசப்படாத இந்தக் கடைக்காரரையும் நினைக்க வேண்டும்.

திமிஷ்க் அந்நாளில் மத்ரஸாக்களின் நகரம். உமையாப் பள்ளிவாசலின் கதீபு அவர்கள் இவர்களை அந்நகரின் பெரிய ஆலிமான தாஜுத்தீன் ஃபஸாரீ அவர்களிடம் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே பாடம் கிடைத்தது. தங்க இடம் கிடைக்கவில்லை. பிறகு கமாலுத்தீன் இஸ்ஹாக் மஃக்ரிபீ அவர்கள் பாடம் நடத்தி வந்த ரவாஹிய்யா மத்ரஸாவில் ஓர் அறை அமைந்தது. மிகச் சிறிய அறை. பிற்காலத்தில் அங்கே யாரேனும் பார்க்க வந்தால், தரையில் பரவிக் கிடக்கும் கிதாபுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒதுக்கிய பிறகுதான் வந்தவர் உட்கார முடியுமாம். சாப்பாடு மத்ரஸாவில் கொடுக்கும் பங்கு மட்டுமே. முதல் 2 ஆண்டுகள் விலாவைத் தரையில் சாய்த்துப் படுத்ததில்லை என்று அவர்களே மாணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். தூக்கம் மேலிட்டால் கிதாபுகளின் மேலேயே சற்றுச் சாய்ந்து, உடனே விழித்துக்கொள்வார்கள்.

வந்த ஆண்டிலேயே அபூ இஸ்ஹாக் ஷீராஸீ அவர்களின் தன்பீஹ் என்ற ஃபிக்ஹு கிதாபை நாலரை மாதத்தில் மனனம் செய்து முடித்தார்கள். எஞ்சிய மாதங்களில் அதே ஆசிரியரின் முஹத்தபிலிருந்து வணக்கங்களைப் பற்றிய பகுதியை மனனம் செய்தார்கள். இதைக் கேட்டதும் நமக்கு வியப்பு உண்டாகிறது. நம் பிள்ளைக்கும் இப்படி ஒரு மூளை இருந்தால் எப்படியிருக்கும் என்று ஏங்கவும் செய்கிறோம்.

ஆனால் அந்த நாலரை மாதத்திற்குள் நடந்த ஒரு சம்பவத்தையும் இமாம் அவர்கள் மறைக்காமல் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த மனனத்தைவிட இதுதான் பெரிதாகத் தோன்றுகிறது.

தன்பீஹில் குளிப்பு எதனால் கடமையாகிறது என்று சொல்லும் பாடம் வந்தது. அங்கே கணவன் மனைவி உறவைக் குறிக்கும் அரபுச் சொற்கள் உள்ளன. பதினெட்டு வயது மாணவர், கிராமத்திலிருந்து வந்தவர், வெட்கமும் பேணுதலும் மிகுந்தவர். சொற்கள் அப்படியே மனனமாகிவிட்டன. பொருள் மட்டும் விளங்கவில்லை. வயிற்றில் உண்டாகும் இரைச்சலைத்தான் அது குறிக்கிறது என்று தாமாகவே எண்ணிக்கொண்டார்கள். வயிறு இரையும்போதெல்லாம் குளிப்பு கடமையாகிவிட்டது என்று நினைத்துக் குளிர்ந்த நீரில் குளித்தார்கள். ஏறக்குறைய 2 மாதம் இப்படியே கழிந்தது. மத்ரஸாப் பங்கை மட்டும் உண்டு வாழும் மாணவருக்கு வயிறு இரையாமல் இருக்குமா? திமிஷ்க்கின் குளிரும் சாமானியமானதல்ல.

இந்தச் சம்பவத்தைப் படித்து யாரும் சிரித்துவிட்டுப் போகலாகாது. ஒரு வரியையும் தவறாமல் ஒப்பிக்கக்கூடிய ஒருவர், அந்த வரியின் பொருளைத் தவறாக எடுத்துக்கொண்டு, அதன்படி அமலும் செய்து வந்திருக்கிறார். அவர்கள் யாரிடமும் ஏன் கேட்கவில்லை? வெட்கமாக இருக்கலாம் என்று நாம் நினைக்கிறோம். நம் பிள்ளைகளிடம் இதே நிலையை அன்றாடம் காண்கிறோம். கணக்குச் சூத்திரம் மனப்பாடம்; எந்தக் கணக்குக்கு அது என்று தெரியாது. தொழுகையில் ஓதுவது மனப்பாடம்; என்ன ஓதுகிறோம் என்று தெரியாது. கேட்டால் வகுப்பில் மற்றவர்கள் சிரிப்பார்கள் என்று பயம்.

இமாம் அவர்கள் பிற்காலத்தில் முஹத்தபுக்கு மஜ்மூஃ என்ற விரிவுரை எழுதினார்கள். அதன் முன்னுரையில் கற்பவரும் கற்பிப்பவரும் பேண வேண்டிய ஒழுங்குகளை விரிவாக வகுத்திருக்கிறார்கள். அங்கே அவர்கள் சொல்லும் வரிசையைக் கவனியுங்கள். மாணவர் மனனம் செய்யப் போகும் பாடத்தை முதலில் உஸ்தாதின் முன்னிலையில் பிழையறத் திருத்திக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மனனம். மனனம் ஆனபின் பலமுறை திரும்ப ஓத வேண்டும். திருத்தாத பாடத்தை மனனம் செய்யத் தொடங்கவே கூடாது. உஸ்தாத் இல்லாமல் கிதாபுகளை மட்டும் நம்பியும் இருக்கக்கூடாது. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படலாகாது. குளிர்ந்த நீரில் 2 மாதம் நடுங்கிய மாணவரின் அனுபவமும் இந்த வரிகளுக்குள் கலந்திருக்கிறதென்றே நாம் எண்ணுகிறோம்.

இஸ்ஹாக் மஃக்ரிபீ அவர்கள் இந்த மாணவரின் உழைப்பைக் கண்டார்கள். யாரோடும் வீண் பேச்சில் கலவாமல் பாடமே கதியென்று கிடப்பதையும் கண்டார்கள். தம் பாடக்கூடத்தில் தாம் நடத்திய பாடத்தை மற்ற மாணவர்களில் பெரும்பாலோருக்கு மீண்டும் எடுத்துச் சொல்லும் பொறுப்பை இவர்களிடம் ஒப்படைத்தார்கள். இது அந்தக் காலத்து மத்ரஸாக்களில் இருந்த மிக நல்ல ஏற்பாடு. பிறருக்குச் சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் எது தமக்கு விளங்கியது, எது விளங்கவில்லை என்பது வெளிப்படும். வீட்டில் அண்ணன் தம்பிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தால் தன் படிப்பு கெட்டுவிடும் என்று நம்மில் சில பெற்றோர் தடுக்கிறார்கள். தடுக்க வேண்டாம்.

ஹிஜ்ரி 651-இல் தந்தையுடன் ஹஜ்ஜுக்குப் போனார்கள். நவாவை விட்டுப் புறப்பட்ட நாளில் பிடித்த காய்ச்சல் அரஃபா தினம்வரை விடவில்லை. மகன் ஒருமுறைகூட முனகவில்லை என்று தந்தை சொல்லியிருக்கிறார். மதீனாவில் ஒன்றரை மாதம் தங்கிவிட்டுத் திரும்பினார்கள். திரும்பிய பிறகு கல்வியில் வேகம் இன்னும் கூடியது.

அந்த நாட்களில்தான் தினமும் 12 பாடங்கள் உஸ்தாதுகளிடம் கேட்டு வந்தார்கள். ஒரே உஸ்தாதிடமல்ல, ஒவ்வொரு கலைக்கும் அதில் தேர்ந்தவரிடம். இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்களின் வஸீத் கிதாபில் மட்டும் 2 பாடங்கள். முஹத்தப், ஸஹீஹ் முஸ்லிம், இப்னு ஜின்னீயின் இலக்கண நூல், இப்னுஸ் ஸிக்கீத்தின் சொல்லாராய்ச்சி நூல், சொற்களின் வடிவங்களைக் கூறும் ஸர்ஃபு, ஃபிக்ஹின் மூலவிதிகள், ஹதீஸ் அறிவிப்பாளர்களின் வரலாறு, அகீதா என்று மற்றவை. பன்னிரண்டு என்ற எண்ணைக் கண்டு மலைத்துப் போகிறோம். ஆனால் ஒவ்வொரு பாடத்தையும் விளக்கத்தோடும் திருத்தத்தோடும் கேட்டார்கள் என்பதுதான் இங்கே பார்க்க வேண்டிய செய்தி. கேட்டுவிட்டு எழுந்து வரவில்லை. கடினமான இடத்திற்கு விளக்கம், மயக்கம் தரும் வாசகத்திற்குத் தெளிவு, சொல்லை எப்படி உச்சரிக்க வேண்டும் என்ற குறிப்பு, இவை அனைத்தையும் உடனுக்குடன் எழுதிக்கொள்வார்கள். தன்பீஹைத் தனியே மனனம் செய்த மாணவர் இப்போது எவ்வளவு மாறிவிட்டார் பாருங்கள்!

தெருவில் நடக்கும்போதும் வாய் பாடத்தைத் திருப்பிக்கொண்டேயிருக்கும், அல்லது மனம் படித்ததை அசைபோட்டுக்கொண்டிருக்கும். இப்படி 6 ஆண்டுகள். அதன் பிறகே நூல் எழுதத் தொடங்கினார்கள்.

இடையில் ஓர் இடறலும் ஏற்பட்டது. வைத்தியமும் கற்றுக்கொள்ளலாமே என்று ஓர் ஆசை பிறந்தது. இப்னு ஸீனாவின் கானூன் நூலை விலைக்கு வாங்கிப் படிக்க முற்பட்டார்கள். அன்றிலிருந்து உள்ளம் இருண்டு போனதுபோல் ஆகிவிட்டது. சில நாட்கள் எந்தப் பாடத்திலும் ஈடுபட முடியவில்லை. இது எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்து, வைத்தியத்தில் இறங்கியதுதான் காரணம் என்று உணர்ந்தார்கள். அந்நூலை உடனே விற்றுவிட்டு, அக்கலையைச் சார்ந்த எல்லாவற்றையும் அறையிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். பழைய தெளிவு திரும்பியது.

இதை வைத்துக்கொண்டு வைத்தியக் கல்வியை மார்க்கம் வெறுக்கிறது என்று பேசுவோரைக் கண்டிருக்கிறோம். அது பெருந்தவறு. அதே மஜ்மூஃவின் முன்னுரையில், உலக வாழ்வு நிலைபெறத் தேவையான வைத்தியமும் கணிதமும் சமுதாயத்தின்மீது ஃபர்ளு கிஃபாயா என்று இமாம் அவர்களே எழுதியிருக்கிறார்கள். டாக்டருக்குப் படிக்கும் நம் பிள்ளைகள் அந்த ஃபர்ளை நம் எல்லோர் சார்பிலும் நிறைவேற்றுபவர்கள். இமாம் அவர்களுக்கு நேர்ந்தது வேறு. ஏற்கனவே 12 பாடங்களைச் சுமந்துகொண்டிருந்தவர்கள் பதின்மூன்றாவதாக ஒரு பெருங்கடலில் கால் வைத்தார்கள். எது தமக்குரியது என்று கண்டுகொண்டு, மற்றதை விட்டார்கள். இன்று ஒரு பிள்ளையை ஒரே நேரத்தில் நாலு டியூஷனுக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் அனுப்பிவிட்டு, அவன் முகம் ஏன் வாடியிருக்கிறது என்று கேட்கும் வீடுகளுக்கு இச்சம்பவம் பொருந்தும்.

எந்த நேரத்தில் படிப்பது என்பதற்கும் அந்த முன்னுரையில் குறிப்பு உண்டு. கதீபுல் பஃக்தாதீ அவர்கள் சொன்னதை இமாம் அவர்கள் எடுத்தெழுதுகிறார்கள். மனனத்திற்கு மிகச் சிறந்த நேரம் ஸஹர் வேளை. வயிறு நிறைந்திருக்கும் நேரத்தைவிடப் பசித்த நேரம் மேல். கவனத்தைக் கலைக்கும் பொருள்கள் இல்லாத அறை நல்லது. நடைபாதை ஓரமும் பசுமையான சோலையும் மனனத்திற்கு ஏற்றவையல்ல. இயற்கைக் காட்சியைப் பார்த்துக்கொண்டு படித்தால் நன்றாக ஏறும் என்று நினைப்பவர்களுக்கு இது புதுமையாக இருக்கும். கண் அங்கே போனால் கருத்தும் அங்கேதான் போகும். இக்காலத்தில் சோலைக்குப் போக வேண்டியதுகூட இல்லை. கையிலிருக்கும் போனிலேயே எல்லாச் சோலைகளும் வந்துவிடுகின்றன. பாடம் முடிந்து வெளியே வந்ததும் தோழர்கள் ஒன்றுகூடி, கேட்டதைத் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்றும் அங்கே வலியுறுத்தப்படுகிறது.

இன்னொன்றும் சொல்லியிருக்கிறார்கள். சலிப்பு வந்துவிடும் என்பதால் தாங்க முடியாத சுமையை மாணவர் தம்மீது ஏற்றிக்கொள்ளக் கூடாதாம். இதைப் படித்தபோது எங்களுக்குச் சற்றுத் திகைப்பாகவே இருந்தது. விலா சாய்க்காமல் 2 ஆண்டு, ஒரு நாளைக்கு ஒரே வேளை இஷாவுக்குப் பின் உணவு, ஸஹரில் ஒரு தடவை தண்ணீர், வாழ்நாள் முழுதும் திருமணமின்மை என்று வாழ்ந்தவர்களா இதை எழுதினார்கள்? ஆம், அவர்கள்தாம். தமக்குக் கடுமையை வைத்துக்கொண்டு பிறருக்கு இலேசாக்கித் தருவது பெரியோர் வழக்கம். ஆகவே அன்னாரின் தூக்கமின்மையை எடுத்துக்கொண்டு திருத்தத்தையும் திருப்புதலையும் விட்டுவிடுவது பொருத்தமல்ல. பரீட்சைக்கு முந்திய இரவு முழுவதும் தேநீரைக் குடித்துக் கண்விழிக்கும் மாணவர், இமாம் நவவீயைப் பின்பற்றுகிறேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அவர்கள் ஓர் இரவு விழிக்கவில்லை. நாள் தவறாமல் 6 ஆண்டுகள் ஓதினார்கள்.

ஹிஜ்ரி 665-இல் (கி.பி. 1267) அபூ ஷாமா அவர்கள் காலமானபின், திமிஷ்க்கின் அஷ்ரஃபிய்யா ஹதீஸ் கல்விக்கூடத்தின் தலைமை இவர்களுக்கு வந்தது. அந்தப் பதவியில் இருந்தபோதும் நவாவிலிருந்து பெற்றோர் அனுப்பி வைத்ததையே உண்டு வந்தார்கள். ஸுல்தான் ளாஹிர் பைபர்ஸுக்குக் குடிமக்களின் துன்பத்தை எடுத்துரைத்துக் கடிதங்கள் எழுதிய துணிவு பற்றித் தனியே எழுத வேண்டும், இங்கே இடமில்லை.

எழுதியவற்றை எப்படி நடத்தினார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறோம். தம் கையால் எழுதிய ஏறத்தாழ 1000 ஏட்டுத் தொகுதிகளை இப்னுல் அத்தாரிடம் கொடுத்து, காகிதக் கடையில் மை போகக் கழுவிவிடும்படி கட்டளையிட்டார்கள். மீறக்கூடாதென்று எச்சரிக்கையும் செய்தார்கள். மாணவர் அப்படியே செய்தார்; ஆனால் அந்த வருத்தம் அவர் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. தமக்குத் திருப்தி இல்லாததை மக்கள் கையில் விட்டுச் செல்ல இமாம் அவர்கள் விரும்பவில்லை போலும்.

ஹிஜ்ரி 676-இல் ஊர் திரும்ப முடிவு செய்தார்கள். வக்ஃபிலிருந்து இரவலாக வாங்கியிருந்த கிதாபுகள் எல்லாவற்றையும் முதலில் திருப்பிக் கொடுத்தார்கள். தமக்குப் பாடம் சொல்லித் தந்து மறைந்த உஸ்தாதுகளின் கப்ருகளுக்குச் சென்று ஓதி, துஆ செய்து, அழுதார்கள். உயிரோடிருந்த தோழர்களைக் கண்டு விடைபெற்றார்கள். பைத்துல் முகத்தஸையும் கலீல் நகரையும் ஸியாரத் செய்துவிட்டு நவாவுக்கு வந்து, தந்தையின் வீட்டில் நோய்வாய்ப்பட்டார்கள். ரஜப் 24 இரவு (கி.பி. 1277 டிசம்பர்) வஃபாத்தானார்கள். ஹிஜ்ரிக் கணக்கில் வயது 45. கடைக்காரத் தந்தை அப்போதும் உயிரோடிருந்தார்.

மஜ்மூஃ முடியவில்லை. வியாபாரப் பகுதியில், வட்டியைப் பற்றிய பாடத்தோடு இமாம் அவர்களின் எழுத்து நின்றுவிட்டது. அடுத்த நூற்றாண்டில் தகிய்யுத்தீன் ஸுப்கீ (ரஹ்) அவர்கள் அங்கிருந்து தொடர்ந்து எழுதி, அவர்களும் முடிக்காமலே மறைந்தார்கள். இருபதாம் நூற்றாண்டில் எகிப்தின் முஹம்மது நஜீப் முதீஈ அவர்கள் எஞ்சியதை எழுதி நிறைவு செய்தார்கள். இன்று அச்சில் கிடைக்கும் அந்தப் பல பாகங்களில் முதல் பாகத்தைத் திறந்தால், கற்பவரின் ஒழுங்குகளைக் கூறும் பகுதி தொடக்கத்திலேயே இருக்கும்.